கருப்பம்மாள் மயங்கி விழவில்லை

கருப்பம்மாளுக்கு அக்கம்பக்கத்தார் மீது நல்ல எண்ணம் வந்தது அறுபத்தொரு வயதில்தான். அதற்கும் ஒரு பார்சல் வேன் பின்னால் வந்து அவளை இடித்துத் தள்ள வேண்டியிருந்தது. அந்த நல்ல எண்ணமும் கைக்கட்டுப் பிரிக்கும் வரைகூடத் தாங்கவில்லை.

ஈப்போவில் ஜெலாப்பாங் பக்கத்தில் அவள் இருந்த தாமான் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் கருப்பம்மாளின் வாயைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். கல்யாணத்துக்கு அழைத்தால் குழம்பில் உப்பில்லை என்பாள். அழைக்காவிட்டால் நல்லவேளை, வயிறு தப்பியது என்பாள். கோவில் தலைவர் மைக்கைப் பிடித்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவாள். இதெல்லாம் பிறவிக் குணமா என்றால் இல்லை, வாழ்க்கை கற்றுக்கொடுத்தது.

அவள் பிறந்தது சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். பதினான்கு வயதில் விடியுமுன் பிரட்டு வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவள். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். செம்பனையை அழித்து வீடு கட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மானேஜர் வந்து, எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான் என்று பேசிவிட்டுப் போனார். அவள் கணவன் ஐயாவு ஒவ்வொரு தடவையும் கைதட்டினான். "கைதட்டிக் கைதட்டியே போய்ச் சேந்தான் மனுசன்" என்று அவள் சொல்வாள். உண்மையில் அவன் போனது நெஞ்சுவலியில்.

தோட்டம் போனதும் ஈப்போவுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங்கில் சேர்ந்தாள். அறுபதைத் தாண்டியவர்களை அங்கே வருடத்துக்கு வருடம் காண்ட்ராக்ட் புதுப்பித்துத்தான் வைத்திருப்பார்கள். அவளுக்கு அது போதும். வேலை இருக்கும் வரைக்கும் அந்த இரண்டு அறை வீடு அவளுடையது, அடுப்பு அவளுடையது, வாயும் அவளுடையது. வேலை போனால் ஜொகூரில் மகன் பத்துமலை வீட்டுக்குப் போக வேண்டும். மகன் தங்கமானவன்தான். ஆனால் மருமகள் எடுத்து வைக்கும் தட்டுக்காகக் காத்திருப்பதை நினைத்தாலே கருப்பம்மாளுக்குப் பசி அடங்கிவிடும்.

அன்று காலை தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க நடந்துகொண்டிருந்தாள். முனியாண்டி கோவில் திருப்பத்தில், பின்னால் வந்த வெள்ளை வேனின் பக்கக் கண்ணாடி தோளில் இடித்தது. சோற்றுப் பாத்திரம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கை மடங்கி உடைந்தது, தலை தார்ரோட்டில் மோதியது. வேன் கொஞ்ச தூரம் போய் நின்றது. நின்றதே தவிர, யாரும் இறங்கவில்லை. பிறகு அதுவும் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவளுக்குப் பாதி நினைவுதான். செருப்புகள் ஓடி வரும் சத்தம். யாரோ அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் குரல், ஒரு பெண்ணின் குரல், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப, மூச்சு விடாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கும்பிடுகிறார்கள் என்று கருப்பம்மாள் நினைத்தாள். எனக்காகவா? நம்ப முடியவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கத் தெம்பில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த மகனிடம் அவள் முதலில் சொன்னதே அதைத்தான்.

"யாரோ எனக்காக வேண்டிக்கிட்டாங்கடா. யாருன்னு தெரியல. தெரிஞ்சா ஒரு நல்ல சேலை எடுத்துக் குடுக்கணும்."

பத்துமலை வாயைப் பிளந்தான். அம்மா இன்னொருவரைப் பாராட்டி அவன் அதுவரை கேட்டதில்லை. தலையில் அடி பலமோ என்று டாக்டரிடம் தனியாக விசாரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் தெருவே மைலோ டின்னோடு வந்து போனது. ஆளுக்கொரு யோசனை. ஒருவர் எண்ணெய் போட்டுத் தடவச் சொன்னார். இன்னொருவர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார். அடுத்த வீட்டு மகேந்திரன் டயர் கடைக்காரன். எல்லாம் தெரிந்தவன் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"ரிப்போர்ட் கிப்போர்ட்லாம் வேணாம்க்கா. போலீஸ்னா அலைய விட்டுருவான். இடிச்சவன ஆண்டவன் பாத்துக்குவான் லா."

"ஆண்டவன் பாக்கட்டும். எனக்குக் கை வலிக்குது, நான் பாலாய்க்குப் போறேன்" என்றாள் கருப்பம்மாள். சொன்னபடியே கட்டுப்போட்ட கையோடு போலீஸ் நிலையத்துக்குப் போனாள்.

அங்கிருந்த சார்ஜன் மரியாதையான மலாய்க்காரர். மலாயில் பொறுமையாகக் கேட்டார். வண்டி எண் என்ன? தெரியாது. சாட்சி யாராவது உண்டா? கேட்டுச் சொல்கிறேன். பிறகு அவர் ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். மயக்கம் போட்டு விழுந்ததாக அதில் எழுதியிருந்தது. கூட இருந்தவர்கள் அப்படித்தான் ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்னார்களாம். கருப்பம்மாளுக்கு உடம்பு எரிந்தது. பால்மரக் காட்டில் வெறும் வயிற்றோடு நடந்தபோதே வராத மயக்கம் அவளுக்கு இப்போதா வரும்?

தொழிற்சாலைக்கும் அதே காகிதம்தான் போனது. பணியாளர் பிரிவில் இருந்த ஷார்மேன், நன்றாகத் தமிழ் பேசும் பெண், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"ஆண்ட்டி, மயக்கம் வர்றவங்கள மெஷின் பக்கத்துல விட முடியாது. காண்ட்ராக்ட்டப் புதுப்பிக்க மேல ஒத்துக்க மாட்டாங்க. வண்டி இடிச்சதுதான்னு போலீஸ் பேப்பர் கொண்டு வாங்க. நான் பேசுறேன்."

ஆக, வேன் எண்ணும் பார்த்த ஒரு ஆளும் கிடைத்தால் வேலை. இல்லாவிட்டால் ஜொகூர், மருமகளின் தட்டு.

கருப்பம்மாள் வாழ்க்கையில் செய்யாத காரியத்தைச் செய்தாள். வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஒருவர் அந்த நேரம் குளித்துக்கொண்டிருந்தார். அடுத்தவரும் குளித்துக்கொண்டிருந்தார். மகேந்திரனும் குளித்தான், அவன் மனைவி கலாதேவியும் குளித்தாள். அந்தக் காலையில் அந்தத் தெருவே குளித்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியானால் ஓடி வந்த செருப்புகள் யாருடையவை? தன்னோடு தினமும் பஸ் ஏறும் செல்லாயியிடம் கேட்டாள். "நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா" என்றாள் செல்லாயி, தரையைப் பார்த்தபடி. பேக்கிங்கில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். கருப்பம்மாள் அவளை நம்பினாள்.

மூன்று வாரம் இப்படியே போனது. காண்ட்ராக்ட் முடிய ஒரு வாரம் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகேந்திரன் பெரிய தட்டில் ஆட்டுக்கறியும் சோறுமாக வந்து நின்றான். பின்னால் கலாதேவி பழத்தோடு. மகேந்திரனிடம் பீர் வாடை.

"முனியாண்டிக்குப் படையல் போட்டோம்க்கா. முதல் தட்டு உங்களுக்குத்தான். உங்க ராசி லா!"

"என் கைய ஒடச்சுக்கிட்டுக் கெடக்குறேன். என்ன ராசி?"

"நம்பர் அடிச்சிருச்சுக்கா! நேத்து. உங்கள இடிச்ச வேன் நம்பரு. விடாம எடுத்தோம், மூணு வாரமா."

விபத்து நடந்த வண்டியின் எண்ணை நம்பர் கடையில் நாலு இலக்க லாட்டரியாக எடுப்பது அந்த ஊர்ப் பழக்கம். கார் மரத்தில் மோதினால் ஓட்டியவனைத் தூக்குவதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்ப்பார்கள். கருப்பம்மாளுக்கு இது தெரியாததல்ல. எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறாள். ஆனால் ரோட்டில் கிடந்தது தானாக இருக்கும்போது அது அவள் புத்தியில் ஏறவில்லை. அந்த ஒரு முணுமுணுப்பு அவள் மனதை அவ்வளவு இளக வைத்திருந்தது.

"நீ குளிச்சுக்கிட்டு இருந்தேன்னு சொன்னியே?" என்றாள் மெதுவாக.

மகேந்திரன் சிரித்தான். சந்தோஷமும் பீரும் சேர்ந்தால் மனிதன் எதையும் மறைப்பதில்லை. "ஐயோ, சாட்சி, கோர்ட்டுன்னு இழுப்பான்க்கா. அதான் ஆம்புலன்ஸ்காரன்கிட்டயும் மயக்கம்னு சொல்லி விட்டேன். யாருக்கும் தொல்ல வேணாம் பாருங்க. இங்க பாருங்க, எப்புடிப் புடிச்சேன்னு!"

கைப்பேசியை நீட்டினான். படத்தில் வெள்ளை வேனின் பின்புறம், கம்பெனிப் பெயர், எண் 6247, முன்னால் இருந்த எழுத்துகள் உட்பட எல்லாம் பளிச்சென்று இருந்தன. கீழ் ஓரத்தில் ஒரு கால். வெடித்த குதிகால், கழன்று கிடந்த நீலச் செருப்பு. அவளுடைய கால்தான். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு அவளைத் தாண்டி எடுத்திருக்கிறான். தன் கைப்பேசியில் அவள் இருக்கிறாள் என்பதைக்கூட அவன் மூன்று வாரமாகப் பார்க்கவில்லை.

"போன்ல சார்ஜ் ரொம்பக் கம்மிக்கா" என்று அவன் தொடர்ந்தான். "போட்டோ விழுமோ விழாதோன்னு பயந்துட்டோம். நல்லவேள, செல்லாயி அக்கா உங்க தலைய மடியில வச்சுக்கிட்டு நம்பர விடாம சொல்லிக்கிட்டே இருந்துச்சு, மறந்துறக் கூடாதுன்னு. அதுக்கும் அடிச்சிருக்கு லா!"

கருப்பம்மாளுக்கு அழுகை வந்தது. கை உடைந்தபோது வராத அழுகை. அதை விழுங்கினாள். அவள் வாய் திறந்திருந்தால் அந்தத் தட்டு ரோட்டில் போயிருக்கும், அவனும் கூடவே போயிருப்பான். படமும் போயிருக்கும். அதனால் தன் வாழ்க்கையில் முதன்முறையாக அவள் வாயை அடக்கினாள். முகத்தில் ஆசையை வரவழைத்துக்கொண்டாள்.

"ஏன் தம்பி, அடிச்ச நம்பர் மறுபடியும் அடிக்கும்னு சொல்வாங்களே. நானும் எடுத்துப் பாக்கட்டுமா? அந்தப் போட்டோவ எனக்கு அனுப்பேன்."

மகேந்திரனின் முகம் மலர்ந்தது. சாட்சிக்கு வராதவன், நம்பருக்கு உடனே வந்தான். அங்கேயே நின்று அனுப்பினான். "நம்பரத் திருப்பிப் போட்டும் எடுங்கக்கா" என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனான். ஆட்டுக்கறியைக் கருப்பம்மாள் தெரு நாய்க்கு வைத்தாள். நாய் யாருக்கும் எண் சொல்லாமல் தின்றது.

மறுநாள் சார்ஜன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நேரம், தேதி, வண்டி, செருப்பு கழன்ற கால். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரத்திலேயே வேன் ஓட்டியவனைக் கூப்பிட்டுவிட்டார். பெயர் தர்மா, தைப்பிங்காரன். குப்பைத்தொட்டியில் பட்டதாக நினைத்தேன் என்று முதலில் சொன்னான். குப்பைத்தொட்டிக்காக யாராவது வண்டியை நிறுத்துவார்களா என்று சார்ஜன் கேட்டதும் உண்மையைச் சொன்னான். போலீஸ் காகிதம் ஷார்மேன் கைக்குப் போனது. காண்ட்ராக்ட் வந்தது. "சாரி ஆண்ட்டி" என்றாள் ஷார்மேன். அந்த விஷயத்தில் கருப்பம்மாளிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள், எந்தத் தப்பும் செய்யாத அந்தப் பெண்தான்.

மகேந்திரனையும் வாக்குமூலத்துக்கு அழைத்தார்கள். கடையை மூடிவிட்டுப் போய் வந்த கோபத்தில் கருப்பம்மாளின் வாசலில் நின்று கத்தினான்.

"நம்பர் எடுக்கத்தானேக்கா கேட்டீங்க? இப்புடிக் கழுத்தறுப்பீங்களா?"

"ஒன் கழுத்து நல்லாத்தான் இருக்கு. என் கைதான் ஒடஞ்சுச்சு. அப்ப எங்க போன நீ, குளிக்கவா?" என்றாள் கருப்பம்மாள், உள்ளே இருந்தபடியே.

தெரு அவன் பக்கம்தான் பேசியது. நல்ல ராசியைக் கெடுத்துக்கொண்டாள் என்றார்கள். அந்த வேன்காரனால்தானே நம்பர் கிடைத்தது, பாவம், அவனை மன்னித்திருக்கலாம் என்றார்கள். இடிபட்டவளை யாரும் பாவம் என்று சொல்லவில்லை. கருப்பம்மாள் எதிர்பார்க்கவும் இல்லை. அவளுக்கு அவர்களைப் பற்றிப் பழைய அபிப்பிராயம் திரும்பி வந்துவிட்டது, முன்பைவிடக் கெட்டியாக.

கைக்கட்டைப் பிரித்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பஸ்ஸில் செல்லாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள்.

"கை எப்புடிக்கா இருக்கு?"

"இருக்கு."

பஸ் முனியாண்டி கோவிலைத் தாண்டியபோது கைப்பேசி அடித்தது. பத்துமலை.

"வேலைக்குப் போயிட்டியாம்மா? சரி, அன்னைக்கு உனக்காக வேண்டிக்கிட்டாங்கன்னு சொன்னியே, அந்த ஆளக் கண்டுபிடிச்சியா? சேலை எடுக்கணும்னியே. தீபாவளிக்கு வரும்போது நானே வாங்கிட்டு வரட்டா?"

கருப்பம்மாள் பக்கத்தில் பார்த்தாள். செல்லாயியின் கைகள் மடியில் இருந்தன, அன்றைக்குத் தன் தலை இருந்த அதே மடி.

"கண்டுபிடிச்சேன்டா" என்றாள். "சேலை வேணாம். அவங்களுக்குத்தான் நம்பர் அடிச்சிருச்சு, அவங்களே எடுத்துக் கட்டிக்கிட்டாங்க."

செல்லாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தொழிற்சாலை வரும் வரை அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.