படைத்த சோறு

சவுதியில், ஜுபைல் தொழிலாளர் கேம்பில் என்னோடு ஒரே ரூமில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து வெல்டர், புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர். என் அலமாரிக் கதவின் உட்புறம் முருகன் படம் ஒட்டியிருந்தேன். நான் சமைக்கிற நாளெல்லாம் தட்டை எடுத்ததும், "சாமிக்குப் படைச்சதா தம்பி?" என்பார். "ஆதி சபைக் காலத்துலேயே விக்கிரகத்துக்குப் படைச்சத விசுவாசிங்க தொட மாட்டாங்க, தெரியும்லா?"

இல்லை என்றாலும் நம்பமாட்டார். சோற்றைக் கிளறி விபூதி தேடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படத்தை என்றைக்காவது கிழித்துவிடுவார் என்று அலமாரியைப் பூட்டிவிட்டுத்தான் டூட்டிக்குப் போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய சமையல் முறை. மீன்குழம்பு வாசம் இழுக்க, அடுப்புப் பக்கம் போனேன். சட்டிக்கு மேல் கையை நீட்டி, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். "அண்ணாச்சி, சாமிக்குப் படைச்சதா?"

"இது ஜெபம்லா! அது வேற."

"எனக்கு எப்படித் தெரியும்?"

கரண்டியை எடுத்துத் தன் தட்டில் மட்டும் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

அதன்பின் ஒருவர் சமைத்ததை மற்றவர் தொடவில்லை. கொஞ்ச நாளில் சமையலே நின்றுபோய், கடையில் குபூஸ் ரொட்டி வாங்கித் தின்றோம். நான் வாங்கிவந்தால் அவர் முகர்ந்து பார்ப்பார். அவர் வாங்கிவந்தால் நான்.