உள்ளே சிவப்பு இருக்கா?

உயிர் உரம் விற்பது, கண்ணுக்குத் தெரியாத சரக்குக்கு ஊர் பூராவும் ஏச்சு வாங்குகிற பிழைப்பு. சாரம் என்கிற ஊரில் ஒரு விதைக்கடை கவுன்டரில் நிற்கிறேன். என்னைப்போல் நிற்கிற சகபாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

சுடு கஞ்சி

உயிர் உரப் பொட்டலத்தைப் பிரித்து ஆறின கஞ்சியில் கலந்து, உளுந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்த வேண்டும். அதிலிருக்கும் கிருமிகள்தான் வேரில் முடிச்சு கட்டி, காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துச் செடிக்கு ஊட்டும். ஒருத்தர் கொதிக்கிற கஞ்சியிலேயே கொட்டிவிட்டார். முடிச்சே வரவில்லை என்று சண்டைக்கு வந்தார். சூட்டில் செத்திருக்கும் என்றேன்.

"கஞ்சிக்கே சாவுறது எங்க ஊரு வெயில்ல இன்னாத்த கிழிக்கும்?"

பிளேடு

கஸ்தூரி அப்படியில்லை. டவுனில் ஒரு லாட்ஜில் துணி துவைத்துக்கொண்டே குத்தகை நிலத்தில் உளுந்து போட்டவர். இந்தப் போகமும் போனால் நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று நிலக்காரர் சொல்லியிருந்தார். அதனால் நான் சொன்னதை ஒன்று விடாமல் செய்தார். செடியைப் பிடுங்கினால் முடிச்சு அறுந்துபோகும் என்று மண்ணோடு தோண்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

ஒரு முடிச்சை பிளேடால் அறுத்தேன். உள்ளே நல்ல சிவப்பு. முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! மழையைக் காணோம், எப்போ தண்ணி கட்டுவது என்று கேட்டார். பெரிய மேதை மாதிரி சொன்னேன்: "உளுந்து தாங்கும்மா. இலை வாடினா கட்டுங்க, போதும்." நாசமாய்ப்போன வாய்.

"நீ சொன்னா சரிதாண்ணா."

பழுப்பு

மூன்று வாரம் பொட்டு மழை இல்லை. கஸ்தூரி மறுபடி செடியோடு வந்தார். செடி வாடவில்லை, ஆனால் இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகக் கிடந்தது. அறுத்தேன். முடிச்சு சுருங்கி, உள்ளே பழுப்பு. சிவப்பு பேருக்குக்கூட இல்லை. கடைக்கு வந்திருந்த வேளாண் அலுவலர் போனிலிருந்து தலை நிமிராமல், மண் காய்ந்தால் இலை வாடுவதற்கு முன்பே முடிச்சு வேலையை நிறுத்திவிடும், இதுகூடத் தெரியாதா என்றார்.

பன்னிரண்டு வருஷமாக விற்கிறேன், தெரியாது. பொட்டலத்திலும் போடவில்லை. கஸ்தூரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை. கடை முதலாளி என் காதோரம் சாய்ந்தார்.

"சரக்குல கோளாறு இல்லன்னு சொல்லி அனுப்புப்பா, மத்தது நமக்கு எதுக்கு?"

அப்படியே சொல்லி அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

வெள்ளைக் கல்

காய் பிடித்ததே கொஞ்சம், அதிலும் பாதி பொக்கு. நிலக்காரர் சொன்னபடி செய்தார். அந்த நிலத்தை மனையாகப் பிரித்து வெள்ளைக் கல் நட்டாகிவிட்டது. கஸ்தூரி ஒருநாள் லாட்ஜ் வேலை முடித்து வந்து, பிரிக்காத பொட்டலம் ஒன்றை கவுன்டரில் வைத்தார்.

"எனக்கு இனிமே எதுக்குண்ணா? யாருக்காவது குடு, குடுக்கறப்ப வாடறதுக்கு முன்னாடியே தண்ணி கட்டச் சொல்லிக் குடு."

அன்றிலிருந்து ஒருத்தர் விடாமல் சொல்லித்தான் கொடுக்கிறேன், அவர்களும் தலையாட்டிவிட்டு, தண்ணி எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னிடமே கேட்கிறார்கள்.