தேன்பாறைக் கயிறு

மகள் படிக்கும் நாவலில் பள்ளிப் பிள்ளைகள் இடுப்பில் கயிறு கட்டி மலையேறுகிறார்கள். "கயித்த யாரு புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"ஃபிரண்டும்மா."



எங்கள் வத்தல்மலையில் தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பான். தங்கச்சி தாலியை நினைத்தாவது விடமாட்டான். உலகச் சண்டை வருஷம், பசி தாங்காமல், பெரியவர்களுக்குத் தெரியாமல் மூன்று பேர் போனோம். பக்கத்து வீட்டுப் பெருமாள் இறங்கினான். என் அண்ணன் கயிறு பிடித்தான். திடீரென்று தேனீக்கள் மேலேறி அண்ணன் முகத்தை மொய்த்தன. கொடிக்கயிறு கையிலிருந்து நழுவியது.

"மச்சான், வுட்டுடாத!" என்று பெருமாள் அலறினான். அதுவரை அவன் அண்ணனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கொட்டக் கொட்டக் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்தான்.

அங்கேயே என் கல்யாணம் முடிவாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை.

"ஃபிரண்டு கடைசிவரைக்கும் வுடலம்மா" என்றாள் மகள்.

"தங்கச்சியக் குடுக்காமலேயா?" என்றேன்.