பாப்பா இருக்கும் இடம்

மீனம்மா தேயிலைத் தோட்டத்தில் நாற்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தாள். பென்சன் எடுத்து ஒரு வருடத்தில், 2007 மாசியில், செத்துப்போனாள். பெற்றது இரண்டு பெண்கள். மூத்தவள் நாற்பது நாள் இருந்தாள். இளையவள் பிரேமினி இயற்பியல் படிக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்தும் போனாள்.

மூத்தவளுக்குப் பெயர் வைக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் காய்ச்சல் முந்திவிட்டது. அக்காவாகியிருக்க வேண்டியவள் அந்த வீட்டில் கடைசிவரை பாப்பாதான். பச்சைப் பிள்ளையை எரிக்கிற வழக்கம் இல்லை. அப்பா இராமையா துணியில் சுற்றி எடுத்துப்போய், ஆற்றோரம் பத்தாம் நம்பர் தேயிலை மலையின் அடியில் புதைத்து, தலைமாட்டில் ஒரு கல் வைத்துவிட்டு வந்தார். அது 1966.

மூன்று வருடம் கழித்து அந்த ஆற்றில் அணை கட்டி முடித்தார்கள். தண்ணீர் ஏறியது. பழைய மஸ்கெலியா, அதன் கடைவீதி, கோயில், பத்தாம் நம்பர் மலையின் பாதி, எல்லாம் மூழ்கின. கடைக்காரர்கள் தராசையும் அலமாரியையும் மேட்டுக்குத் தூக்கிப் புது ஊர் போட்டார்கள். ஆற்றோரத்துக் கல்லைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை.

பச்சைப் பிள்ளைக்குத் திதியும் கிடையாது. மீனம்மா தானாக ஒன்றை வைத்துக்கொண்டாள். மாசி முதல் வெள்ளி, வேலை விட்டதும் கரைக்குப் போவாள். எதிர்க்கரையில் இரண்டாகப் பிளந்த ஒரு பாறை உண்டு. அதற்குப் பின்னால் ஒற்றை டர்பன்டைன் மரம். பிளவுக்குள் மரம் சரியாக வந்து நிற்கும் இடம்வரை கரையோரமாக நடப்பாள். அதற்கு நேரே தண்ணீருக்கடியில்தான் பாப்பா. அங்கே நின்று, ஒரு செவ்வந்திப் பூவைச் சிறு கல்லோடு கட்டி வீசுவாள். பூ மூழ்கும். வளையம் விரியும். அது கரையைத் தொடும்வரை பார்த்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுவாள். முப்பது வருடத்துக்கும் மேலாக இது தவறவில்லை. இராமையா செத்த வருடமும் தவறவில்லை.

இதைக் கெடுத்தது பிரேமினி.

2001இல் மழை பொய்த்தது. நீர்த்தேக்கம் வற்றி, பழைய கோயில் சேற்றிலிருந்து எழுந்து நின்றது. ஹட்டனிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் வந்தது. ஐஸ்கிரீம் வண்டிகூட வந்தது. பிரேமினி அப்போது இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்தாள். பாப்பாவின் கல்லைக் கண்டுபிடிக்கலாம், இருப்பதை எடுத்து மேட்டில் புதைக்கலாம், இனித் தண்ணீர் தொடாது என்றாள். மீனம்மா வேண்டாம் என்றாள்.

"மேல இருந்து பாத்தா எனக்கு எடம் தெரியும் புள்ள. கீழ எறங்குனா தெரியாது."

இரண்டும் ஒரே இடம்தானே என்று பிரேமினி சிரித்தாள். திசைகாட்டியும் அளவு நாடாவும் வாங்கி வந்தாள். கரையில் நின்று கோடு போட்டாள். தாயைக் கையைப் பிடித்து இறக்கினாள்.

கீழே சேறு வெடித்துக் கிடந்தது. கல்லுக்குப் பஞ்சமில்லை, ஒவ்வொன்றும் தலைமாட்டுக் கல்லைப்போலவே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பாறை மரத்தை மறைத்தது. மேலிருந்து ஒன்றுக்குள் ஒன்று வந்து நின்றவை கீழிருந்து பார்க்கையில் ஒன்றையொன்று தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் நான்கு இடத்தில் தோண்டினார்கள். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஒன்று, சோடாப் போத்தல், அரை ஓடு கிடைத்தன. மீனம்மா குடையைப் பிடித்தபடி நின்றாள். குழிகளைப் பார்க்கவில்லை. வந்த வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை பெய்தது. தண்ணீர் ஏறியது. அடுத்த மாசியில் அவள் கரைக்குப் போய், பூவோடே திரும்பிவிட்டாள். தொலைபேசியில் பிரேமினி கேட்டபோது, எங்கே போடுவதென்று தெரியவில்லை என்றாள். அதற்கடுத்த மாசியில் போகவே இல்லை. பிரேமினி அதை எவரிடமும் சொல்லவில்லை. ஒரு சமன்பாட்டில் குறியைத் தவறவிட்டால் திரும்பிப் போய்த் திருத்தலாம். இதற்குத் திரும்பிப் போக வழியில்லை.

2004இல் மறுபடி வந்தாள். ஒரு மாலை, மீனம்மாவோடு மலைக்குப் போனாள். பனி மூட்டம் மேலிருந்து இறங்கி வரிசை வரிசையாகச் செடிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. மீனம்மா மட்டம் பார்க்கும் கம்பைச் செடிகளின் தலைமேல் கிடத்தி, கம்புக்கு மேலே நீட்டியதை மட்டும் கிள்ளினாள். மூடுபனியில் கீழே அடிமரமும் தெரியவில்லை, மண்ணும் தெரியவில்லை. பச்சையாக ஒரு தளம் மட்டும் மிதந்தது. ஓரிடத்தில் கை நின்றது. இங்கே வேர் அழுகுது என்றாள், குனிந்துகூடப் பார்க்காமல்.

வெளிநாட்டில் நீ என்னதான் படிக்கிறாய் என்று அன்றைக்குத்தான் கேட்டாள்.

பிரேமினி சுருக்கமாகச் சொல்ல முயன்றாள். எதையும் உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் அதிரும் இழைகள்தான் என்று ஒரு கணிப்பு. சில இழைகளுக்கு இரண்டு முனை. அந்த முனைகள் ஒரு தளத்தில் ஒட்டியிருக்கும். தளத்துக்குள் எங்கும் ஓடலாம், அதைவிட்டு வர முடியாது. வளையமாக மூடிக்கொண்ட இழை மட்டும் கழன்று போகும். பொருளைப் பொருள் இழுக்கிற ஈர்ப்பைச் சுமப்பது அதுதான்.

"அப்ப நாங்க மலையில முனை ஒட்டுனவங்க," என்றாள் மீனம்மா. "நீ வளையம்."

தாய் சிரித்துக்கொண்டே கூடையை ஏற்றிப் போட்டாள்.

இறங்கும் வழியில் நீர்த்தேக்கம் தெரிந்தது. காற்று இல்லை. பனி அதன்மேல் படுத்திருந்தது. மீனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். பிரேமினி நின்றாள். மீதியை அப்போதுதான் சொன்னாள்.

இப்படிப்பட்ட தளங்களை அடுக்கடுக்காக வைத்துப் பார்த்தவர்கள் ஒரு வியப்பைக் கண்டார்கள். ஈர்ப்பு உள்ள ஓர் உலகம். ஆழம் உண்டு, விழுவது உண்டு. அந்த உலகத்தின் விளிம்பில் மட்டும் வாழும் இன்னோர் உலகம். அங்கே ஆழமும் இல்லை, ஈர்ப்பும் இல்லை. உள்ளே நடப்பது எதுவும் விளிம்பில் விடுபடாது. ஒன்று அசல், மற்றது நிழல் என்று பிரிக்க முடியாது. ஒரே சேதி, இரண்டு பாஷை. ஒன்றில் முடியாத கணக்கை மற்றதில் போடலாம். அவளுடைய ஆய்வே ஒரு பாஷைச் சொல்லுக்கு மற்றதில் என்ன சொல் என்று தேடுவதுதான்.

ஆழமே இல்லாத பாஷையில் ஆழத்தை எப்படிச் சொல்வார்கள் என்று மீனம்மா கேட்டாள். எவ்வளவோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருந்த பிரேமினி, இவ்வளவு நேராக வந்த கேள்வியைக் கேட்டதில்லை.

"அகலமா சொல்லுவாங்கம்மா. உள்ள ஒன்னு விழுந்தா வெளிம்புல அதோட தடம் மொதல்ல புள்ளி மாதிரி இருக்கும். ஆழம் போகப் போக தடம் விரிஞ்சிக்கிட்டே போகும். காணாமப் போகாது."

மீனம்மா கூடையை இறக்கி வைத்தாள். நெற்றியில் கயிறு பதிந்த பள்ளத்தைத் தேய்த்தாள். நீர்த்தேக்கத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மூன்று வருடத்தில் அவள் அதை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்பதைப் பிரேமினி கண்டாள்.

"பாப்பா போயி முப்பத்தெட்டு வருசம்," என்றாள். "இப்ப டேம் பூரா இருப்பா."

பிரேமினி பயந்தாள். ஏற்கெனவே ஒரு தடவை கணக்கைச் சொல்லித் தாயின் இடத்தைப் பிடுங்கியவள் அவள். பொய்யை வைத்து அதைத் திருப்பிக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டாள். இந்தக் கணக்கு வேறு மாதிரி வளைந்த உலகத்துக்கு, இந்த உலகத்துக்கு இல்லை, இறந்தவர்களுக்கும் இல்லை, இன்னும் யாரும் முழுதாக நிரூபிக்கவும் இல்லை என்றாள்.

மீனம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

"இந்த ஒலகத்துக்கு இல்லயாக்கும். நம்ம லயத்துக்குந்தான் மேப்புல எடமில்ல. அதுக்காக நாம குடியிருக்காமயா போனோம்?"

அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பிரேமினி அடுத்த வாரம் விமானம் ஏறினாள். தாய் கரைக்குப் போகிறாளா என்று கேட்கத் துணிவு வரவில்லை. தொலைபேசியில் மழை, முழங்கால் வலி, கங்காணியின் வாய் என்று பேசி வைத்துவிடுவார்கள்.

சாவுச் செய்தி கிடைத்து அவள் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் மேட்டில் இடத்தைக் காட்டினார்கள். ஈர மண், ஒரு கல். பிரேமினி பழக்கதோஷத்தில் சுற்றுமுற்றும் அடையாளம் தேடினாள். ஆலைப் புகைபோக்கி, ஒரு கொடிக்கம்பம். பிறகு தேடுவதை விட்டாள்.

ஐந்தாம் நாள் தோட்டத்து பஸ்ஸில் மஸ்கெலியாவுக்குக் கிளம்பினாள். கண்டக்டர் அழகன், தலை நரைத்தவர், அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, இடப்பக்கம் ஜன்னல் சீட்டில் இருந்தவரை எழுப்பி அவளை உட்கார வைத்தார். எதற்கு என்று கேட்டாள்.

"அது ஆயா சீட்டு தங்கச்சி. டவுனுக்குப் போறப்பல்லாம் அதுலதான் ஒக்காரும். டேம் பாலம் வந்தா கைய நீட்டி ஒரு பூவப் போடும். நானும் கேட்டுப் பாத்தேன், பூவுக்கு டிக்கட்டு எடுத்தியா ஆயான்னு. பூவு எறங்கிருச்சு, நீ எழுதுன டிக்கட்ட நீயே வச்சுக்கன்னிருச்சு."

அம்மா எந்த இடத்தில் போடுவாள் என்று பிரேமினி கேட்டாள்.

"எடமெல்லாம் பாக்காது. கதை பேசிக்கிட்டே போடும். ஒரு நாளு மறந்துட்டு, பாலம் தாண்டி ஓடையில போட்டுச்சு. எல்லாம் அங்கதான் போகுதுன்னு சொல்லிச்சு."

பஸ் திரும்பியது. பாலம் வந்தது. தண்ணீர் பனிக்குள் எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. பிரேமினியின் கையில் பூ இல்லை. அழகன் முன்னால் போய், டிரைவரின் தலைக்கு மேல் மாட்டியிருந்த முருகன் படத்து மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியைப் பிய்த்துக்கொண்டு வந்தார். மெதுவாகப் போகச் சொல்லவா என்று கேட்டார்.

வேண்டாம் என்றாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரலைத் திறந்தாள். எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை.