பெரியவர் சிலையில் என் அப்பாவின் முகம்

ஈரச் சிமெண்டு வாசம் மூக்கில் ஏறியதுமே எனக்கு மனசு குதித்தது, கண்ணுகளா. போன ஞாயிற்றுக்கிழமை, “தாத்தாவைக் காட்டுகிறேன் வாங்க” என்று உங்களை மலை உச்சி மண்டபத்துக்குக் கூட்டிப்போனவன் அங்கே ஏன் யாரையும் காட்டாமலே இறங்கிவிட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டிவிடாதீர்கள்.

என் இருபது வயதுக்கே அந்த வாசம்தான். மண்டபம் கட்டும்போது மணல் சுமந்தேன். லாரி பாதி மலையில் நின்றுவிடும், மேலே தலைச்சுமைதான். பாதி மணல் என் சட்டைக்குள் போகும். “ஏண்டா, சட்டையக் கழட்டி உதறு, ஒரு தூணு எழுப்பிரலாம்” என்பார் மேஸ்திரி.

மண்டபம் பெரியவருக்கு. நம் மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் பிறந்து, மலைக்கு ரோடு வேண்டும் என்று மனுவும் கையுமாக அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு நடந்தே இறங்கி ஏறியவர். அவர் காலமாகிப் பல வருஷம் கழித்துத்தான் சிலை எண்ணமே வந்தது. தேடிப் பார்த்தால் ஒரே ஒரு போட்டோ. அதிலும் கூட்டத்தில் குனிந்து நிற்கிறார், தலைத்துண்டுதான் தெரிகிறது.

சிலைக்காரர் கையை விரித்துவிட்டார். “பங்காளிங்க யாராச்சும் அவரு சாடையில இருந்தாக் கூட்டியாங்க.”

எல்லாரும் என் அப்பாவைக் கை காட்டினார்கள்.

சிலைக்காரரின் முள்ளுக்குறிச்சிக் கொட்டகையில் மூன்று நாள் அப்பா அசையாமல் உட்கார்ந்தார். மிளகு பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்த தழும்பு ஒன்று அவர் இடது புருவத்தில் உண்டு. சிலைக்காரர் அதையும் அப்படியே சிமெண்டில் வைத்துவிட்டார்.

“ஏனுங்க, இது அவருக்கு இல்லீங்களே” என்றார் அப்பா.

“இருக்கட்டுமுங்க. அதுலதான் மூஞ்சிக்கு உசுரு வருது.”

அப்புறம் ஊரே கேலி செய்தது. “என்னங்க இது, மேல நிக்கிறவரு கீழ வந்து மரவள்ளி புடுங்குறாரு?” ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் அப்பா, “அதான் மேல நிக்கிறேனே சாமி” என்று தட்டிவிடுவார். அப்படியே போய்ச் சேர்ந்தும் விட்டார். நம் வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. பார்க்கத் தோன்றினால் உச்சிக்கு ஏறிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏறினால், பீடத்தில் பளபளவென்று வெண்கலத்தில் வேறொரு முகம்.

“பெரியவரோட பேத்தி நெசப் போட்டோவே கொண்டாந்துட்டாங்க” என்றார், பூசிக்கொண்டிருந்த கொத்தனார். “பழசு அவரே இல்லீங்களாம். புருவத்துல வெட்டுப்பட்ட எவனோ ஒருத்தனாம்.”

அவர்கள் சொன்னது உண்மைதானே.

“அந்தச் சிலை எங்கீங்க?”

“ஒடச்சுப் புதுப் படிக்கு அடியில கொட்டிட்டமுங்க. படி நல்லாக் கெட்டியா நிக்குது பாருங்க.”

நாம் மூவரும் ஏறி வந்த படி. பாப்பா, நீ ஒவ்வொன்றையும் குதித்துக் குதித்து எண்ணிக்கொண்டு வந்தாய்.

இறங்கும்போது, தம்பி, “தாத்தா எப்படி இருப்பாரு?” என்று கேட்டாய். சொல்ல வாயெடுத்தேன். கண்ணை மூடினால் சாம்பல் நிறச் சிமெண்டு முகம்தான் வந்தது. இத்தனை வருஷம் அதையே பார்த்துப் பார்த்து, அதற்கு முன்னால் இருந்த முகம் எப்போது அழிந்ததோ தெரியவில்லை. அப்பா சிரித்தால் வாய் எந்தப் பக்கம் கோணும்? நாலு நாளாக யோசிக்கிறேன்.

கொட்டகையில் அப்பா உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாளும் சிரிக்கக் கூடாது என்று சிலைக்காரர் சொல்லியிருந்தார்.