விருப்பமில்லை என்ற கட்டம்

மூட்டுத் தேய்மானத்தைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றில் எனக்கு வேலை. யாருடைய முட்டி வேகமாகத் தேயும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறார்கள். சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். வராதவர்களைத் தேடிப் போவது நான்.

உறுவையாறு கிராமத்தில் நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா இரண்டு ஆண்டுகளாக வரவில்லை. இலவசமாகப் படம் எடுக்க வரக்கூட வலிக்கிறதா என்ற எரிச்சலோடுதான் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் பிடித்து, அதைத் தள்ளித் தள்ளி வாசலுக்கு வந்தார்.

“ஏங்க்கா வரல?” என்றேன்.

“இன்னாம்மா கேக்கற? பஸ் ஸ்டாப் வரிக்கும் நடக்க முடிஞ்சா வந்திருக்க மாட்டனா? முட்டி நல்லா இருக்கறவங்கதான் உங்ககிட்ட வந்து முட்டிய காட்ட முடியும்.”

படிவத்தில் வராததற்கு மூன்றே காரணங்கள் இருந்தன: ஊர் மாறிவிட்டார், இறந்துவிட்டார், விருப்பமில்லை. எந்த இடத்தையும் காலியாக விடக் கூடாது என்பது உத்தரவு. மூன்றாவதில் டிக் அடித்தேன்.

போன வாரக் கூட்டத்தில் முடிவுகளைத் திரையில் காட்டினார்கள். பயந்த அளவுக்கு யாருக்கும் தேயவில்லையாம். பெரிய டாக்டருக்கு ஒரே சந்தோஷம். வராமல் போனவர்களைப் பற்றி யாரோ கேட்டார்.

“அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல” என்றார் டாக்டர்.

அப்போதே நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். என் முட்டிகளுக்கு ஒரு குறையுமில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.