மருந்து அறையின் பலகை

கோவில்பட்டியில் மூடிப்போன தீப்பெட்டி ஆலை ஒன்றைக் காட்சிக்கூடமாக்கியிருக்கிறார்கள். கண்ணாடிக்குள் கிளியும் மயிலும் அச்சிட்ட பழைய லேபிள்கள் பளபளக்கின்றன. தீக்குச்சி மருந்து கலக்கிய அறையின் வாசலில், பெருக்கிக்கொண்டிருக்கும் பெண் என்னைத் தடுக்கிறார்.

“செருப்ப இங்கன கழட்டிப் போடுங்க, அண்ணாச்சி. மண்ணு ஒரசுனா மருந்து பத்திக்கிடும்.”

“இப்பதான் மருந்தே இல்லையே, அக்கா?”

“பழகிப்போச்சு.”

கழற்றிவிட்டு உள்ளே போகிறேன். கரி படிந்த சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. தொழிலாளிப் பெண் ஒருத்தி செருப்போடு நுழைந்ததால் இங்கே தீப்பிடித்தது, அவளும் கருகிப்போனாள் என்கிறது அது. திரும்பிப் பார்க்கிறேன்.

அவர் பெருக்குவதை நிறுத்தவில்லை.

“அது என் தங்கச்சி. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு சோடி செருப்புதான். அன்னைக்கு அத நான் போட்டுக்கிட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன்.”